வெளியார் மூட்டிய போரும் ரோமில் பேசிய சமாதானமும்

1985 ஆகஸ்ட் கடைசியில் ஜிம்பாப்வேயின் பாராசூட் படையினர் மொசாம்பிக்கின் நடுப்பகுதியில், கோரோங்கோசா மலைப்பக்கத்தில் இருந்த காசா பனானா என்ற முகாமைப் பிடித்தார்கள். ரெனமோ என்ற கிளர்ச்சிப் படையின் தலைமையகம் அது. அதன் தலைவர் அஃபோன்சோ ட்லாகாமா தப்பிவிட்டார். ஆனால் ஓடிய அவசரத்தில், அவருடைய செயலர் வாஸ் எழுதிவந்த நாட்குறிப்பேடுகள் அங்கேயே விடப்பட்டன. தென்னாப்பிரிக்க ராணுவ உளவுத்துறைக்காரர்களோடு என்ன பேசப்பட்டது, ஆயுதம் எப்படி வந்து சேரும், எந்த ஓடுதளத்தைச் சீராக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் தேதிவாரியாக இருந்தன. தென்னாப்பிரிக்காவின் வெளியுறவுத் துணை அமைச்சர் லூயி நெல் அந்தக் காட்டு முகாமுக்கே வந்துபோனதும் வெளியே வந்தது.

இதில் அதிர்ச்சி தருவது தேதிதான். அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, 1984 மார்ச் 16 அன்று, மொசாம்பிக் அதிபர் சாமோரா மாஷேலும் தென்னாப்பிரிக்கப் பிரதமர் பி. டபிள்யூ. போத்தாவும் என்கோமாட்டி ஆற்றங்கரையில் உட்கார்ந்து உடன்படிக்கை போட்டிருந்தார்கள். நீ ரெனமோவுக்கு உதவக் கூடாது, உன் வெள்ளையர் ஆட்சியை எதிர்க்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கு நான் இடம் கொடுக்கக் கூடாது என்பது பேச்சு. மொசாம்பிக் தன் பங்கைப் பெருமளவு நிறைவேற்றி, காங்கிரஸ்காரர்களை வெளியே அனுப்பியது. தென்னாப்பிரிக்க ராணுவமோ கையெழுத்துக்கு முன்பே பல மாதங்களுக்கான சரக்கை ரெனமோவிடம் இறக்கிவிட்டு, பின்பும் வழியை அடைக்காமல் வைத்திருந்தது. குறிப்பேடுகள் வெளியானபோது வெளியுறவு அமைச்சர் பிக் போத்தா, சில 'தொழில்நுட்ப' மீறல்கள் நடந்தது உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

உள்நாட்டுப் போருக்குள் வெளிநாடு எப்படி நுழைகிறது, சமாதானம் பேச வருபவர் எங்கே தோற்கிறார், எங்கே ஜெயிக்கிறார் என்பதைப் படிக்க மொசாம்பிக்கை விடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே நுழைந்த வழியும் தெரியும், அடைத்த வழியும் தெரியும். இரண்டுக்கும் தேதி இருக்கிறது.

மொசாம்பிக் 1975 ஜூன் 25 அன்று போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றது. ஆட்சிக்கு வந்த ஃபிரெலிமோ மார்க்சியக் கட்சி. பக்கத்து நாடான ரொடீசியாவில் (இன்றைய ஜிம்பாப்வே) அப்போது வெள்ளைச் சிறுபான்மை ஆட்சி. அதை எதிர்த்த முகாபேயின் கெரில்லாக்களுக்கு மொசாம்பிக் இடம் கொடுத்தது. 1976 மார்ச்சில் ஐ.நா. தடையை மதித்து ரொடீசிய எல்லையையும் மூடியது. ரொடீசியாவுக்குக் கடல் கிடையாது. அதன் சரக்கு கடலுக்குப் போய்வரும் முக்கிய வழிகளில் ஒன்று மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்துக்கான ரயில் பாதை. எல்லையை மூடியதில் மொசாம்பிக்குக்கும் துறைமுக வருமானம் போயிற்று, ரொடீசியாவின் கழுத்தும் நெரிந்தது.

ரொடீசிய உளவுத்துறை இதற்குப் பதில் செய்தது. ஃபிரெலிமோ மீது கசப்புக் கொண்டவர்கள், போர்ச்சுகீசியப் படையில் முன்பு இருந்த கறுப்பினச் சிப்பாய்கள், சீர்திருத்த முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்கள் என்று ஆட்களைச் சேர்த்து ஒரு படை கட்டியது. அதுதான் ரெனமோ. முதலில் வந்தது வானொலிதான்: 'சுதந்திர ஆப்பிரிக்காவின் குரல்' ரொடீசிய மண்ணிலிருந்து போர்ச்சுகீசிய மொழியில் ஒலித்தது. பின்னால்தான் துப்பாக்கி. முதல் தலைவர் அந்த்ரே மட்சங்கைஸ்ஸா 1979 அக்டோபரில் கோரோங்கோசாவில் கொல்லப்பட, ட்லாகாமா தலைவரானார். அப்போது அவருக்கு 26 வயது.

1980 ஏப்ரலில் ரொடீசியா ஜிம்பாப்வே ஆனது. பிள்ளையைப் பெற்ற வீடு இடிந்துவிட்டது, பிள்ளை அநாதையாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. படையாட்களும் வானொலியும் ஆவணங்களும் தென்னாப்பிரிக்காவுக்குக் கைமாறின. டிரான்ஸ்வால் மாநிலத்தின் ஃபலபோர்வா பக்கத்தில் பயிற்சி முகாம் எழுந்தது. ரொடீசியர்கள் கையில் சில ஆயிரம் பேர் கூட இல்லாத படை, தென்னாப்பிரிக்கா கையில் பத்தாண்டுக்குள் சுமார் 20,000 பேராக வளர்ந்தது. வெளி வல்லரசு ஒன்று விலகினால் போர் தானாக அணையும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஒருவர் விட்ட கயிற்றை அடுத்தவர் பிடித்துக்கொள்ள, அவருக்கு ஒரு காரணம் இருந்தால் போதும்.

தென்னாப்பிரிக்கா கொடுத்ததில் எது அதிகம் பலித்தது என்று கேட்டால், துப்பாக்கியை விட வானொலித் தொடர்புக் கருவிகளைத்தான் சொல்வேன். துப்பாக்கி அரசுக் கிடங்கைக் கொள்ளையடித்தாலும் கிடைக்கும். சாலையே இல்லாத காட்டில் நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் கிடக்கும் சிறு குழுக்களை ஒரே கட்டளையில் ஆட்ட, நல்ல கம்பியில்லாத் தொடர்பு வேண்டும். அரசுப் படையிடமே அவ்வளவு சீரான தொடர்பு இருக்கவில்லை. அதனால்தான் ரெனமோ ஒரே வாரத்தில் வெவ்வேறு மாகாணங்களில் பாலத்தையும் ரயிலையும் தகர்க்க முடிந்தது.

ஒரு தரப்புக்கு வெளி உதவி வந்தால் மறு தரப்பு சும்மா இருக்காது. ஃபிரெலிமோவுக்குச் சோவியத் ஆயுதம் வந்தது. பெய்ரா ரயில் பாதையைக் காக்க ஜிம்பாப்வே ஆயிரக்கணக்கில் படை அனுப்பியது. அதில் நட்பும் உண்டு, தன் சரக்கு கடலுக்குப் போகவேண்டும் என்ற கணக்கும் உண்டு. தான்சானியப் படை சாம்பேசியா மாகாணத்துக்கு வந்தது. பெய்ரா பாதையையொட்டித் தொழில் நடத்திய லோன்ரோ நிறுவனத்தின் தலைவர் டைனி ரோலண்ட், எண்ணெய்க் குழாயையும் தோட்டங்களையும் தாக்காமல் விட ரெனமோவுக்கே பணம் கொடுத்துவந்ததும் பின்னாளில் வெளிவந்தது.

மலாவியின் வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதிபர் பண்டாவின் ஆட்சி ரெனமோ தன் மண்ணில் நடமாடுவதைக் கண்டும் காணாமல் இருந்தது. 1986 செப்டம்பரில் மாஷேலும் ஜிம்பாப்வேயின் முகாபேயும் சாம்பியாவின் கவுண்டாவும் மலாவியின் பிளான்டைர் நகருக்கே நேரில் போய், நிறுத்தாவிட்டால் எல்லையை மூடுவோம் என்று எச்சரித்தார்கள். மலாவி அடிபணிந்து ரெனமோ ஆட்களை வெளியேற்றியது. அவர்கள் எங்கே போவார்கள்? ஆயிரக்கணக்கில் அப்படியே எல்லை தாண்டிச் சாம்பேசியாவுக்குள் கொட்டினார்கள். அடுத்த சில மாதங்கள் அந்த மாகாணம் பட்ட பாடு கொஞ்சமல்ல. அழுத்தம் கொடுக்கும்போது, வெளியேறும் படை எந்தத் திசையில் போகும் என்று கணக்குப் போடாமல் விட்டதன் விலை அது. அக்டோபர் 19 அன்று மாஷேலின் விமானம் தென்னாப்பிரிக்க மண்ணில் ம்புசினி என்ற இடத்தில் விழுந்து அவர் இறந்தார். ஜோவாகிம் ஷிசானோ அதிபரானார். பின்னர் அதே மலாவி, தன் சரக்கு போகும் நகாலா ரயில் பாதையைக் காக்க மொசாம்பிக்குக்கு உதவியாகப் படை அனுப்பியது. எந்த நாட்டையும் நிரந்தர எதிரியாக எழுதிவைக்கக் கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. அதன் தேவை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அதைத் திருப்பும் வழியும் தெரியும்.

ஆனால் ரெனமோவை வெறும் கூலிப்படை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் தப்பு. ஃபிரெலிமோ அரசு மக்களைக் கூட்டுக் கிராமங்களுக்குள் தள்ளியது, ஊர்த்தலைவர்களை ஒதுக்கியது, சடங்குகளை மூடநம்பிக்கை என்று தடுத்தது. அந்தக் கோபம் பல மாவட்டங்களில் ரெனமோவுக்கு இடம் கொடுத்தது. அதே ரெனமோ சிறுவர்களைப் பிடித்துப்போய்ச் சிப்பாய் ஆக்கியது, ஊராரை மூட்டை சுமக்கவைத்தது, சோளத்தைப் பறித்தது. 1987 ஜூலையில் ஓமோயினே ஊரில் மட்டும் 400க்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். பஞ்சத்தையும் சேர்த்தால் இந்தப் போர் விழுங்கிய உயிர் பத்து லட்சம் என்பது பரவலான மதிப்பீடு.

பேச்சு வார்த்தைக்கு நேரம் எப்போது கனிந்தது? மூன்று வழிகள் ஏறக்குறைய ஒன்றாக அடைபட்டபோது. 1989இல் ஃபிரெலிமோ மாநாடு மார்க்சியப் பெயர்ப்பலகையைக் கழற்றியது. சோவியத்திடமிருந்து எண்ணெயும் ஆயுதமும் குறைந்துகொண்டே வந்தன. தென்னாப்பிரிக்காவில் டி கிளார்க் அதிபராக வந்தார், ராணுவ உளவுத்துறையின் பிடி தளர்ந்தது. கடைசி அடி மழை கொடுத்தது: 1991-92இல் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி முழுவதையும் வாட்டிய கொடும் வறட்சி. ஊராரிடம் பறித்துத் தின்று வாழும் படைக்கு, ஊராரிடமே ஒன்றும் இல்லாமல் போனால் என்ன செய்வது? ரெனமோ சிப்பாய்களே பட்டினி கிடந்தார்கள். வெளி உதவி போனபின் தின்ன வைரம் இருந்திருந்தால் நிலைமை வேறு. அதை அங்கோலாவில் பார்க்கலாம், பிறகு வருகிறேன்.

முதலில் நடுவராக வந்தவர்கள் கென்யாவும் ஜிம்பாப்வேயும். இரண்டுமே கறைபட்ட கை. கென்யா ரெனமோவுக்குச் சாய்வு, ஜிம்பாப்வேயின் படையோ ஃபிரெலிமோ பக்கம் நின்று சுட்டுக்கொண்டிருந்தது. 1989 ஆகஸ்டில் நைரோபியில் மொசாம்பிக்கின் திருச்சபைத் தலைவர்கள் ட்லாகாமாவைச் சந்தித்தது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் இரு தரப்பையும் நேருக்கு நேர் உட்காரவைக்க எந்த ஊர் என்பதிலேயே மாதங்கள் கழிந்தன. 1990 ஜூனில் பிளான்டைர் என்று முடிவாகி அரசுத் தரப்பு போய்க் காத்திருந்தது. ரெனமோ வரவில்லை.

அடுத்த மாதமே, ஜூலை 8 அன்று, ரோம் நகரின் டிராஸ்டெவெரே பகுதியில் ஒரு பழைய கன்னிமாடக் கட்டடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அந்த இடம் சான்ட் எஜிடியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் சமூகத்துடையது. 1968இல் ஆந்த்ரேயா ரிக்கார்டி என்ற மாணவர் நண்பர்களோடு தொடங்கியது. ராணுவம் கிடையாது, கருவூலம் கிடையாது. ஏழைகளுக்குச் சோறு போடுவதும் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் வேலை.

அவர்களை இரு தரப்பும் ஏன் நம்பின? பெய்ராவின் பேராயர் ஜைமே கொன்சால்வெஸ் ரோமில் படித்த காலத்திலிருந்தே அவர்களுக்கு நண்பர். அவர் ட்லாகாமா பேசும் நடாவு மொழிக்காரர். காட்டுக்குள்ளேயே போய் ட்லாகாமாவைச் சந்தித்திருந்தவர். மறுபக்கம், ஃபிரெலிமோவுக்கு இத்தாலியக் கம்யூனிஸ்டுகளோடு பழைய நெருக்கம். மதச் சுதந்திரப் பிரச்சினை வந்தபோது சான்ட் எஜிடியோ அந்தப் பேராயரைக் கம்யூனிஸ்ட் தலைவர் பெர்லிங்குவரிடமே அழைத்துப்போய், அவர் வழியாக ஃபிரெலிமோவிடம் பேசியிருந்தது. பஞ்ச காலத்தில் கப்பலில் உணவும் அனுப்பியிருந்தது. பல வருடங்களாகச் சேர்த்த இந்த அறிமுகம்தான் முதலீடு. போர் முற்றியபின் வந்து இறங்கும் தூதருக்கு அது கிடைக்காது.

மேசையில் நடுவர்கள் நான்கு பேர்: ரிக்கார்டி, இளம் பாதிரியார் மத்தேயோ சூப்பி, பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலிய அரசின் சார்பில் மாரியோ ரஃபாயெல்லி. (சூப்பி இன்று கர்தினால். 2023இல் போப் பிரான்சிஸ் உக்ரைன் விவகாரத்துக்கு அனுப்பியதும் இவரைத்தான்.) அரசுக் குழுவுக்கு அர்மாண்டோ கெபூசா தலைவர், ரெனமோ குழுவுக்கு ரவுல் டொமிங்கோஸ். முதல் கூட்டத்தின் அறிக்கையில் பெரிய தீர்வு எதுவும் இல்லை. நாம் இருவரும் ஒரே மொசாம்பிக் குடும்பத்தார், பிரிப்பதை விட்டு இணைப்பதைத் தேடுவோம் என்ற அளவே. ஆனால் அந்த ஒரு வரியில் கையெழுத்துப் போட்டதன் மூலம், 'ஆயுதக் கொள்ளையர்' என்று மட்டுமே ரெனமோவை அழைத்துவந்த அரசு அதைப் பேசத்தக்க எதிர்த்தரப்பாக ஏற்றுக்கொண்டது. ரெனமோவும் அந்த அரசை அரசு என்று ஏற்றுக்கொண்டது.

அதன்பின் 27 மாதம் இழுத்தது. இடையில் நின்றது, முறிந்தது, மீண்டும் கூடியது. அவசரப்படுத்தாமல் இருந்ததே நடுவர்களின் பெரிய பலம் என்பேன், ஆனால் அந்த 27 மாதமும் மொசாம்பிக்கில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்க முடியாது. ரெனமோ இழுத்தடித்ததற்குப் பயம் ஒரு முக்கியக் காரணம். காட்டுக்கு வெளியே ஒரு நாள் கூட அரசியல் செய்யாதவர்கள். சட்டம் எழுதத் தெரிந்த ஆள் அவர்களிடம் குறைவு. எதிரே பதினைந்து வருடம் நாட்டை ஆண்டவர்கள். ஒவ்வொரு வாக்கியமும் கண்ணிவெடி போலத் தெரிந்தது அவர்களுக்கு.

முதலில் பிடித்தது ஒரு சின்ன விஷயம்: ரயில் பாதை. 1990 டிசம்பர் 1 அன்று பகுதிப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. ஜிம்பாப்வே படையினர் பெய்ரா, லிம்போப்போ பாதைகளின் இரு பக்கமும் 3 கிலோமீட்டருக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், ரெனமோ அந்தப் பட்டைக்குள் தாக்கக் கூடாது. மீறலைப் பார்க்கப் பல நாட்டவர் அடங்கிய சரிபார்ப்புக் குழு. மீறல்கள் நடக்கத்தான் செய்தன. ஆனாலும் அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை ஒப்புக்கொண்டதால், யார் மீறினார் என்று சொல்லமுடிந்தது. மூவாயிரம் மீட்டர் என்பதை அளக்கலாம். 'நல்லெண்ணம்' என்பதை எப்படி அளப்பது?

1991 அக்டோபர் முதல் ஒவ்வொரு உடன்பாடாக வந்தது: கட்சிகளை அங்கீகரிப்பது, தேர்தல் முறை, ராணுவம். இந்தக் கட்டத்தில் சான்ட் எஜிடியோவின் எல்லையும் தெரிந்துவிட்டது. நம்பிக்கையை அவர்கள் தரமுடியும், படையைக் கலைக்கப் பணமும் கண்காணிக்க ஆளும் தரமுடியாது. 1992 ஜூனில் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல், ஐ.நா. பார்வையாளர்கள் மேசைக்கு வந்தார்கள். ராணுவ விவரங்களை எழுதித் தரத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். சிறியவர் கதவைத் திறந்து, பெரியவர் பின்னால் வந்தார். வரிசை மாறி, வல்லரசுகள் முதல் நாளே உட்கார்ந்திருந்தால் ட்லாகாமா ரோமுக்கே வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

ஆகஸ்ட் 7 அன்று ஷிசானோவும் ட்லாகாமாவும் ரோமில் நேரில் சந்தித்தார்கள், முகாபேயும் உடனிருந்தார். அக்டோபர் 1க்குள் முடிப்பதாக வாக்கு. முடிந்தது 4ஆம் தேதி. ஏழு நெறிமுறைகள் கொண்ட பொது அமைதி ஒப்பந்தம். 15ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

அதே வாரங்களில் அங்கோலாவில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வருவோம், ஏனென்றால் மொசாம்பிக்கைக் காப்பாற்றியது அந்தத் தோல்விதான். அங்கோலாவில் அரசுக்கும் சவிம்பியின் கிளர்ச்சிப் படைக்கும் இடையே 1991 மே மாதம் பிசெஸ் உடன்படிக்கை. ஐ.நா.வுக்குக் கொடுத்தது சுமார் 350 ராணுவப் பார்வையாளர்கள். தேர்தலை மேற்பார்க்கும் பொறுப்பைத் தந்த பாதுகாப்பு அவைத் தீர்மானத்தின் எண் 747. டி.சி.-3 என்ற சிறிய விமானத்துக்கான எரிபொருளைக் கொடுத்து 747 என்ற பெரிய விமானத்தை ஓட்டச் சொல்கிறார்கள் என்று ஐ.நா. தூதர் மார்கரெட் ஆன்ஸ்டி வருந்தினார். இரண்டு படைகளும் கலைக்கப்படாமலே 1992 செப்டம்பரில் வாக்குப்பதிவு நடந்தது. தோற்ற சவிம்பி முடிவை ஏற்காமல் படையோடு திரும்பினார். அவரிடம் வைரச் சுரங்கப் பகுதி இருந்தது, அரசிடம் எண்ணெய் இருந்தது. வெளி வல்லரசு கை விட்டபின்னும் போரை நடத்தத் தேவையான காசு மண்ணுக்குள்ளேயே இருந்தது. 2002இல் சவிம்பி கொல்லப்படும்வரை அது ஓயவில்லை.

இதைப் பார்த்த ஐ.நா. மொசாம்பிக்கில் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டது: படை கலைந்த பிறகே வாக்கு. 1992 டிசம்பரில் தீர்மானம் 797. ஏழாயிரம் அளவில் படை, செலவு நாளொன்றுக்குச் சுமார் 10 லட்சம் டாலர். இத்தாலியர் ஆல்டோ அயெல்லோ சிறப்புத் தூதர். இந்தியாவும் பொறியாளர் பிரிவு அனுப்பியது. கையெழுத்து ஆன உடனே அது வந்து இறங்கிவிடவில்லை. அயெல்லோ முதலில் தலைநகர் மபூட்டோவுக்குப் போனபோது அவரிடம் இருந்தது ஒரு கைப்பிடி ஆட்கள். அந்த இடைவெளியில் ரெனமோ அங்கோஷே உட்பட நான்கு ஊர்களைப் பிடித்தது, அரசு திரும்பப் பிடித்தது. ஐ.நா. படை 1993 தொடக்கத்தில்தான் வரத் தொடங்கியது. அதுவரை ரயில் பாதையைக் காலியாக விடமுடியாமல் ஜிம்பாப்வே படை ஏப்ரல் வரை நின்றது. கையெழுத்துக்கும் கண்காணிப்பாளர் வந்து சேர்வதற்கும் இடையிலான வாரங்கள்தான் எந்த ஒப்பந்தத்திலும் ஆபத்தானவை.

தேர்தல் ஒரு வருடத்துக்குள் என்று ஒப்பந்தம் சொன்னது. நடக்காது என்று அயெல்லோவுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. சிப்பாய்களைத் திரட்ட 49 முகாம்கள், அரசுக்கு 29, ரெனமோவுக்கு 20. இடத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள்? இரு தரப்புத் தளபதிகள். அவர்கள் பார்த்தது எந்த மேடு, எந்தச் சாலை தன் கையில் இருக்க வேண்டும் என்பதை. தண்ணீர் இருக்கிறதா, லாரி போகுமா, கண்ணிவெடி கிடக்கிறதா என்று பார்க்கவில்லை. ஐ.நா. ஆட்கள் போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஆயிரம் பேர் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஒவ்வோர் இடத்துக்கும் பேரம் நடந்தது. 1993 அக்டோபரில் ஐ.நா. பொதுச்செயலர் பூத்ரோஸ் காலி மபூட்டோவுக்கே வந்தபின்தான் முடிச்சு அவிழ்ந்தது. நவம்பர் 30 அன்று முதல் முகாம்கள் திறந்தன. கலைப்பு 1994 மார்ச் 10 அன்று தொடங்கியது.

முகாமுக்குள் நடப்பது இது. சிப்பாய் வருகிறார், துப்பாக்கியை ஒப்படைக்கிறார், பெயர் பதிகிறது, அடையாள அட்டை கிடைக்கிறது. புதிய ராணுவத்தில் சேர்வதா வீட்டுக்குப் போவதா என்று கேட்கிறார்கள். வீடு என்றால் எந்த மாவட்டம் என்று எழுதிக்கொள்கிறார்கள். போகும்போது மாற்றுடை, உணவு, விதை, ஊருக்கு வண்டி. சம்பளம் ஆறு மாதத்துக்கு அரசு, அடுத்த 18 மாதத்துக்கு நன்கொடை நாடுகள், ஆக இரண்டு வருடம். இதில் ஒரு நுட்பம் இருந்தது. பணத்தை மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. அவர் சொன்ன மாவட்டத்துக்குரிய வங்கிக் கிளையில் தவணை தவணையாக மாற்றும் சீட்டாகக் கொடுத்தார்கள். வாங்க வேண்டுமென்றால் ஊரில் இருக்க வேண்டும். பழைய குழு கூடித் திரிவது குறைந்தது. இரண்டு வருடத்தில் ஒரு மனிதன் கல்யாணம் கட்டி, இரண்டு விளைச்சல் எடுத்துவிடுவான். அதன்பின் காட்டுக்குக் கூப்பிட்டால் லேசில் போகமாட்டான்.

சிக்கல் வராமலில்லை. சில வாரம் என்று சொல்லப்பட்டது மாதக்கணக்கில் இழுத்தபோது முகாம்கள் கொதித்தன. 1994 நடுவில் இரு தரப்புச் சிப்பாய்களும் கலகம் செய்தார்கள். சாலையை மறித்தார்கள், அதிகாரிகளைப் பிடித்துவைத்தார்கள். அவர்கள் கோரிக்கை போர் இல்லை, எங்களைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பு என்பது. புதிய ராணுவத்துக்கு 30,000 பேர் என்று ரோமில் எழுதியிருந்தார்கள், சேர வந்தவர்கள் 12,000 அளவில்தான். பதிந்த 91,000க்கும் மேற்பட்டோரில் சுமார் 78,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். மேசையில் உட்கார்ந்த தளபதிகளுக்குத் தெரியாத ஒன்று சிப்பாய்களுக்குத் தெரிந்திருந்தது.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். பலர் முகம் சுளிக்கும் இடம் இது. 1993இல் ரெனமோ ஆட்கள் மபூட்டோவில் தங்க வீடு சரியில்லை, வண்டி இல்லை என்று ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் கூட்டுக் குழுக்களைப் பல மாதம் புறக்கணித்தார்கள். அயெல்லோ அதை அற்பமாக நினைக்கவில்லை. கட்சியாக மாற ஒரு நிதி தேவை என்று நன்கொடை நாடுகளிடம் கேட்டார், இத்தாலி முன்வந்தது. சுமார் 1.7 கோடி டாலர் சேர்ந்தது. ட்லாகாமாவுக்கே மாதம் 3 லட்சம் டாலர், கணக்குக் கேட்காமல். லஞ்சம் என்று சொல்பவர்கள் உண்டு. கொலைகாரருக்குச் சம்பளமா என்று கேட்பவர்களின் வலி நியாயமானது. ஆனால் தளபதிகளுக்குத் தினம் படி அளந்துதான் ட்லாகாமா தலைவராக இருந்தார். காட்டில் அது கொள்ளையிலிருந்து வந்தது. கொள்ளையை நிறுத்தச் சொல்லிவிட்டு வேறு வழியும் காட்டாவிட்டால், அவர் தலைமை ஒரு மாதத்தில் சரிந்து, ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாத பத்துக் குட்டித் தலைவர்கள் முளைத்திருப்பார்கள். கையெழுத்துப் போட்டவரைக் காப்பாற்றுவது கையெழுத்தைக் காப்பாற்றுவது. நாளுக்குப் பத்து லட்சம் செலவாகும் இடத்தில் மாதத்துக்கு மூன்று லட்சம் பெரிதில்லை.

1994 அக்டோபர் 27, 28 வாக்குப்பதிவு. முந்தைய நாள் இரவு ட்லாகாமா முறைகேடு என்று சொல்லிப் புறக்கணிப்பு அறிவித்தார். இரவோடு இரவாகத் தூதர்களும் அண்டை நாட்டுத் தலைவர்களும் பேசினார்கள். புகார்களை விசாரிக்கிறோம் என்று ஐ.நா. உறுதி தந்தது. அவர் திரும்பி வந்தார், பதிவு 29ஆம் தேதிவரை நீண்டது. அவர் சொல்லியும் அவருடைய ஆதரவாளர்களே வரிசையை விட்டு நகரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷிசானோ 53 விழுக்காடு, ட்லாகாமா 34 விழுக்காட்டை ஒட்டி. 250 இடங்களில் ஃபிரெலிமோ 129, ரெனமோ 112. மீதி 9 இடம் ஒரு சின்னக் கூட்டணிக்கு. அதிபர் தேர்தல் வாக்குச்சீட்டில் ஷிசானோ பெயர் கடைசியில் இருந்தது, நாடாளுமன்ற வாக்குச்சீட்டில் அந்தக் கூட்டணி கடைசியில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பலர் இரண்டிலும் கடைசிக் கட்டத்திலேயே குறி வைத்தார்கள் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அண்டை நாடுகளிலிருந்து சுமார் 17 லட்சம் அகதிகள் திரும்பி வந்தார்கள், பெரும்பாலோர் மலாவியிலிருந்து, பலர் தாங்களாகவே நடந்து.

விட்டுப்போனவை இரண்டு. ஒன்று ஆயுதம். முகாமில் கொடுத்தது பழைய துப்பாக்கி, நல்லதைப் புதைத்துவைத்தார்கள். ஐ.நா. சேகரித்ததிலும் பெரும்பகுதியை அழிக்காமல் புதிய ராணுவத்திடம் கொடுத்துவிட்டது. புதைத்தவை எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்கக் கொள்ளைக்காரர் கைக்குப் போயின. ரெனமோவுக்கு அனுப்பிய நாட்டுக்கே துப்பாக்கி திரும்பியது. 1995 முதல் இரு நாட்டுப் போலீஸும் சேர்ந்து 'ரேச்சல்' என்ற பெயரில் ஒவ்வொரு குழியாகத் தோண்டி வெடிவைத்து அழிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, ட்லாகாமாவின் மெய்க்காவலர்கள். அவருடைய பாதுகாப்புக்கு ரெனமோ ஆட்களையே வைத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் கொடுத்தது. தற்காலிக ஏற்பாடாக நினைத்தது, முடிவுத் தேதி இல்லாமல் நீடித்தது. தேர்தலில் தோற்றுக்கொண்டே போன, மாகாண அதிகாரத்தில் பங்கு கிடைக்காத கட்சியின் கையில் அந்த ஆட்கள் மிஞ்சினார்கள். 2013 அக்டோபரில் அரசுப் படை கோரோங்கோசாவில் ட்லாகாமா இருந்த சதுஞ்சிரா முகாமைத் தாக்கியது. அப்போது அதிபர் வேறு யாருமல்ல, ரோமில் அரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கிய கெபூசா. ரெனமோ 1992 ஒப்பந்தம் முடிந்தது என்று அறிவித்தது. 2014இல் ஒரு கையெழுத்து, மறுபடி மோதல். ட்லாகாமா 2018 மே 3 அன்று கோரோங்கோசாவிலேயே இறந்தார். 2019 ஆகஸ்டில் மூன்றாவது ஒப்பந்தம். இந்த முறை நடுவில் நின்று பேசியவர் மபூட்டோவில் சுவிட்சர்லாந்துத் தூதராக இருந்த மிர்கோ மன்சோனி.

இதற்குள் வடக்கே காபோ டெல்காடோவில் 2017 முதல் வேறொரு போர் மூண்டுவிட்டது. கடலில் எரிவாயு, 2021இல் ருவாண்டா படை. அதைத் தனியாக எழுத வேண்டும்.

2019 ஒப்பந்தத்தின்படி ஆயுதம் கீழே வைத்தவர்கள் 5,200க்கு மேல். அவர்களில் பலர் 1980களில் சிறுவராகப் பிடிக்கப்பட்டு, ஐம்பது தாண்டி வீட்டுக்குப் போனவர்கள். கடைசி முகாம் 2023 ஜூனில் மூடப்பட்டது. அது இருந்தது வுண்டுஸியில், அதே கோரோங்கோசா மாவட்டத்தில்.